பதினாறாம் நாள் காப்பி

தில்லைநாயகம் மலைக்காய்ச்சலில் இறந்து பதினைந்து நாளாகியிருந்தது. மறுநாள் படையல். குற்றாலத்துக்கு மேலே காப்பித் தோட்டத்தில் இருபது வருஷம் கங்காணியாக இருந்தவர். தென்காசி வீட்டில் மட்டும் அவர் காப்பி குடித்ததில்லை. கல்யாணமான புதிதில் அவர் போட்டு வைத்ததை, "கள்ளும் இதுவும் ஒண்ணுதான்" என்று வடிவம்மாள் சாக்கடையில் ஊற்றிவிட்டாள். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது அவர் இலையில் அதை வைத்தே ஆகவேண்டும் என்றாள்.

"வேண்டாம் வடிவு," என்றார் மூத்தார் நமசிவாயம். "வெள்ளைக்காரன் கொண்டாந்த சரக்கு."

துட்டி கேட்க வந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தார், தோட்டத்தில் கூட வேலை பார்த்த சேக் மைதீன்.

"இல்ல அண்ணாச்சி, அவனுக்கு முந்தியே வந்தது. அபிசீனியாவுல காடா முளைச்சுக் கிடந்துச்சாம். அங்கன இருந்து அரபு நாடு. ஒரு விதை வெளிய போவக்கூடாதுன்னு காவல். எங்க பெரியவர் ஒருத்தர் ஹஜ்ஜுக்குப் போயிட்டு வரையில, ஏழு கொட்டைய இடுப்புல மறைச்சுக் கொண்டாந்து மைசூர் மலையில ஊனினாருன்னு சொல்லுவாவ."

"களவாண்ட சரக்கையா படையலுக்கு வைக்கச் சொல்லுதீரு?"

"எங்க ஆளுக அவர மகான், அவுலியாங்காவ. நீரு களவாணிங்கீரு."

மைதீன் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். "உங்க தம்பி நட்ட மரத்துக் கொட்டை. மதினி கையில குடுங்க."

காலையில் வடிவம்மாள் பாதிக் கொட்டையைப் பயறு மாதிரி உலையில் போட்டாள். வெகுநேரம் கொதித்தும் பச்சைத் தண்ணீர்தான் இறங்கியது. புல் நாற்றம் அடித்தது. படையலுக்கு வந்த மைதீன் முற்றத்திலிருந்தே கேட்டார்.

"மதினி, வறுக்கலியா?"

"வறுக்கணுமா?"

மிச்சக் கொட்டையை இரும்புச் சட்டியில் போட்டாள். கொட்டை பழுப்பேறி வெடித்தபோது கிளம்பிய வாசம் அவளுக்குப் புதிதல்ல. சனிக்கிழமைதோறும் மலையிறங்கி வந்தவர் சட்டையில் இருந்தது. மலை மண்ணின் வாடை என்று நினைத்து, இருபது வருஷமாக அதைத் துவைத்துப் போக்கியிருக்கிறாள். கரண்டி கையில் அப்படியே நின்றது.

"வடிவு, தீயுது. கிண்டு," என்றார் நமசிவாயம் வாசற்படியிலிருந்து.

உரலில் இடித்து, வெந்நீரில் போட்டு, துணியில் வடித்து, பாலும் கருப்பட்டியும் சேர்த்தாள். அவள் தம்ளரோடு வந்தபோது நமசிவாயம் இலையில் சோற்றை ஒதுக்கி இடம் விட்டார். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றார்கள்.

திறந்த பிறகு சோற்றையும் கறியையும் பங்கு வைத்தார்கள். தம்ளரை யாரும் தொடவில்லை. ஆறிப்போயிருந்தது. வடிவம்மாள் சுவரோரம் உட்கார்ந்து, கசப்பு நாக்கில் தங்கத் தங்க, அடிமண்டி வரைக்கும் குடித்தாள்.