பிரிட்டோ கையில் மிளகு

அனகாபுத்தூர் பிரிட்டோவின் வலது புறங்கையில் ஒரு புதன்கிழமை காலை மிளகு காய்த்தது. மொத்தம் பதினொன்று, பச்சையாக, காம்போடு. மரு என்றுதான் முதலில் நினைத்தார். தாம்பரத்துத் தோல் டாக்டர் ஒன்றைக் கிள்ளி மோந்து பார்த்து, மூன்று தும்மல் போட்டு, "இது மிளகு சார். என்கிட்ட மருவுக்குத்தான் மருந்து இருக்கு" என்று அனுப்பிவிட்டார். ஃபீஸை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

ஏன் காய்த்தது என்று பிரிட்டோவுக்குத் தெரியும். தெரியாமல் என்ன? ஆற்றங்கரைச் சந்தில் குட்டிக் கோயிலாக இருக்கும் அந்தோணியார் கெபிக்குச் சாவி அவரிடம்தான். மரு வந்தவர்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், செவ்வாய்க்கிழமை உப்பும் மிளகும் கொண்டுவந்து அங்கே தொட்டியில் போடுவார்கள். மரு உதிர்ந்துவிடும் என்று நம்பிக்கை. மறுநாள் விடிந்ததும் அத்தனையையும் அடையாற்றில் கொட்டுவது சாவிக்காரர் வேலை. வீட்டுக்கு எடுத்துப்போனால் எடுத்தவனுக்கு மரு வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிரிட்டோ படித்தவராயிற்றே, பள்ளிக்கூடத்தில் ஹெட் கிளார்க். உப்பை ஆற்றில் விட்டார். மிளகை மாவுச் சல்லடையில் சலித்து, கழுவி, மொட்டைமாடியில் காயவைத்து, "கொல்லிமலை ஃபிரெண்ட் அனுப்பினான்" என்று மனைவி கிறிஸ்டியிடம் கொடுத்தார். வாங்க வக்கில்லாமலா? இல்லை. நல்ல மிளகு ஆற்றோடு போகிறதே என்கிற அற்பத்தனம், அவ்வளவுதான். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கிறிஸ்டி தூக்குவாளியில் ரசம் கொண்டுபோய்க் கொடுப்பாள். தெருவே சப்புக்கொட்டியது. இப்படியே நாலு வருஷம் ஓடியது. அந்த நாலு வருஷமும் கெபிக்கு வந்த ஒருவருக்கும் மரு விழவில்லை. தன் பாவம்தான் காரணம் என்று அவரவர் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, வெந்நீர் கொட்டிவிட்டது என்றார் பிரிட்டோ. கட்டுக்குள் மிளகு சிவந்தது, கறுத்தது, உதிர்ந்தது, மறுபடி காய்த்தது. பூசையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தும்மித் தொலைத்தார்கள்.

அந்த மழைக்காலத்தில்தான் கோவளத்து மீன்காரி செல்வம்மாள் வரத் தொடங்கினாள். மகள் சத்யப்ரியாவின் கண்ணிமையில் மரு. பெண் பார்த்துப் போனவர்கள், அது விழட்டும், அப்புறம் தேதி வைக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். மீன் விற்ற கையோடு இரண்டு பஸ் மாறி ஒன்பது செவ்வாய் வந்தாள். ஒன்பதாம் வாரம் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்து அழுதாள்.

"எம் பொண்ணுக்கு அப்டியே கீது சார். தப்பு எம்மேலதான். எப்பனா தராசுல கைய வெச்சிருப்பேன். அதுக்கு எம் பொண்ணு இன்னா பண்ணும்?"

வரிசையில் கிறிஸ்டியும் நின்றிருந்தாள். அவளைப் பார்த்தும் பிரிட்டோ கைக்கட்டை அவிழ்த்தார்.

"உன் தப்பு இல்லம்மா. நீ போட்டதை நான் எடுத்துத் தின்னுட்டேன்."

கிறிஸ்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ரசத்தைச் சாக்கடையில் ஊற்றினாள். கிறிஸ்துமஸ் வரை அவரோடு பேசவில்லை. செல்வம்மாள் பத்து நிமிஷம் திட்டினாள். அதை இங்கே எழுத முடியாது. மூச்சு வாங்கியதும் அவர் கையை வெடுக்கென்று இழுத்து, கறுத்த மிளகு ஒன்றைப் பறித்துத் தொட்டியில் போட்டாள். வெள்ளிக்கிழமை மீன் கழுவிக்கொண்டிருந்த சத்யப்ரியாவின் இமையிலிருந்து மரு விழுந்தது. தையில் கல்யாணம். பத்திரிகை வந்தது, கிறிஸ்டி மட்டும் போய்வந்தாள்.

இப்போது கெபிக்கு யாரும் மிளகு கொண்டுவருவதில்லை, உப்பு மட்டும்தான். செவ்வாய்க்கிழமை பிரிட்டோ லீவு போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டுகிறார். வருகிறவர்கள் ஒன்று பறித்துப் போடுகிறார்கள், மரு விழுந்துவிடுகிறது. யாராவது திட்டினால் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொள்வார். யாரும் திட்டுவதில்லை. பறித்துவிட்டு, "தேங்க்ஸ் சார்" என்கிறார்கள். அப்போதுதான் அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரிவதில்லை.