வாலுக்கு மட்டும் அனுப்பவில்லை

…தொண்ணூற்றாறு, இன்னும் அதே தொண்ணூற்றாறு சதவீதம்தான், பார்த்துக்கொண்டே இருந்தால் நகர்ந்துவிடுமா என்ன, தையல் மிஷினில் பேருந்து சீட் கவர் பாதியில் கிடக்கிறது, நானோ பக்கத்தில் சாய்த்துவைத்த போனையே முறைத்துக்கொண்டிருக்கிறேன். ஆறு மணிக்குள் அந்தப் பச்சைக் கோடு நிறையாவிட்டால் நாற்பது நாளாக வந்த பணமெல்லாம் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போய்விடும், நன்கொடை திரட்டித் தருகிற அந்த இணையதளத்தின் சட்டம் அப்படி, வந்தால் முழுசாக, இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. இப்போது மணி ஐந்து பத்து. கேட்டது ஒன்றும் எனக்காக இல்லை, ஒரு கூடாரத்துக்காக… காற்றடித்தால் உப்பி நிற்கும், உள்ளே கும்மிருட்டு, முப்பது பிள்ளைகள் மல்லாந்து படுத்துக்கொண்டு நட்சத்திரம் பார்க்கலாம், மடித்து வண்டியில் போட்டுப் பள்ளி பள்ளியாகக் கொண்டுபோகலாம். துணிக்கும் மோட்டாருக்கும் ப்ரொஜெக்டருக்கும் ஊர் உலகத்திடம் கையேந்தியாகிவிட்டது. ரெக்சின் தைக்கிறவளுக்கு வானத்தில் என்ன வேலை என்று முதலாளி கேட்டார், கேட்டுவிட்டு அவரும் கொடுத்தார்.

வெட்கமெல்லாம் முதல் மூன்று நாள்தான். மக்கள் தாங்களாகத் தர மாட்டார்கள், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேளுங்கள் என்று இணையதளத்திலிருந்து மெயில் வந்தது, கேட்டேன், போனில் இருந்த நானூற்றுச் சொச்சம் பேரிடமும் கேட்டேன், பல் பிடுங்கிய டாக்டரிடம் மரத்துப்போன வாயோடு கேட்டேன், பாவம், பாதி புரியாமலேயே கொடுத்தார். ஒருத்திக்கு மட்டும் அனுப்பவில்லை. வாலு. என் தங்கை. என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்ததால் வீட்டில் வைத்த பெயர், இயற்பியல் டீச்சரான பிறகும் அது போகவில்லை. இந்தக் கூடாரமே அவள் யோசனைதானே, நீ தைக்கிற, நான் வானத்தைக் காட்டுறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து தரையில் சாக்பீஸால் வரைந்தாளே, மிச்சத் துணியில் சின்னதாக ஒன்று தைத்து ஹாலில் நிறுத்தினோமே, அம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு, மூச்சு முட்டுது, இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு என்றாளே… அந்த இருட்டில் வாலுவின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. அதற்குப் பிறகு யாரும் அப்படிப் பிடிக்கவில்லை.

அப்புறம் அதை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். சனிக் கிரகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே உச்சித் தையல் பிரிந்து, துணி முழுவதும் பிள்ளைகள் தலையில் இறங்கிவிட்டது, அதுகளுக்கு ஒரே சிரிப்பு, தலைமையாசிரியைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, யார் பொறுப்பு என்று கேட்டார். வாலு சொன்னாள், தையல் அக்காவோடது மேடம், படம் மட்டும்தான் என்னோடது. உண்மைதான், அதில் ஒரு பொய்யும் இல்லை, கெட்டி நூல் மறுநாள்தான் கிடைக்கும் என்று கடையில் சொன்னதும் இருந்த மெல்லிய நூலில் தைத்து ஒப்பேற்றியது நான்தான், அது அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரியாத அவளிடம்தான் வாசலில் நின்று கத்தினேன், இனிமே என் வீட்டுப் படி ஏறாதே என்று. ஏறவில்லை. இரண்டு வருஷம். சொன்ன சொல்லை இவ்வளவு ஒழுங்காகக் கேட்கிற பெண்ணா அவள்?

இந்த நாற்பது நாளும் போன் சிணுங்கினால் முதலில் பெயரைத்தான் பார்க்கிறேன், தொகையை அப்புறம்தான். முகம் தெரியாத யாரோ மனசாரக் கொடுத்திருப்பார், எனக்கோ ஒரு நொடி முகம் தொங்கிப்போகும், தெரிந்தால் செருப்பால் அடிப்பார். மத்தியானம் அம்மா போனில் கேட்டாள், “வாலுகிட்ட கேட்டியா?” ஊருக்கே தெரியுது, அவளுக்குத் தெரியாதா என்றேன். “ஊருக்கு நீ சொல்லித்தானேடி தெரிஞ்சுது,” என்றாள் அம்மா, சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சரி, கேட்டால்தான் என்ன, இப்போது காரணம் இருக்கிறதே, நாலு சதவீதம் குறைகிறது, மணி ஐந்தே முக்கால், கௌரவம் பார்க்கிற நேரமா இது… கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்துவிட்டு எழுதினேன். வாலு, கூடாரத்துக்குக் கொஞ்சம் குறையுது, ஆறு மணிக்குள்ள உன்னால முடிஞ்சா. எழுத எழுதச் சந்தோஷம், குறைந்ததே நல்லதாகப் போயிற்று என்று ஒரு சந்தோஷம்…

போன் சிணுங்கியது. பேருந்து ஓட்டுநர் சங்கமாம், நான் தைத்த சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள், குறைந்ததை மொத்தமாகப் போட்டுவிட்டார்கள். நூறு. முதலாளி எட்டிப் பார்த்து, “நெறஞ்சிருச்சும்மா, இனி சீட்டைத் தைப்பியா?” என்கிறார், பட்டறையில் எல்லோரும் கை தட்டுகிறார்கள், நானும் சிரிக்கிறேன், அவர்களுக்கு என்ன தெரியும், ஒரு நிமிஷம் பொறுத்துக் கொடுத்திருக்கக் கூடாதா என்று நான் நினைப்பது. எழுதியதை அப்படியே அனுப்பிவிடலாமா, பொய்யாகிவிடும், அவள் இணையதளத்தைத் திறந்து பார்த்துவிடுவாள். ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். கெஞ்சிக் கேட்க இத்தனை நாளில் நன்றாகப் பழகிவிட்டது, ஆனால் இப்போது குறைவது எதுவோ அதற்குச் சதவீதம் இல்லை, கெடு இல்லை, நீ வாடி என்று எழுதவேண்டியதுதான், அதற்கு முன்னால் அந்த நூலைப் பற்றி எழுதவேண்டும்… வெற்றுக் கட்டத்தில் கோடு மட்டும் துடிக்கிறது. அவள் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று இருக்கிறது. பணமென்றால் இந்நேரம் கேட்டிருப்பேன்.