தனபால் செய்த சைக்கிள்

என் கொழுந்தனார் தனபாலுக்கு எந்த மெஷினைக் கண்டாலும் கை அரிக்கும். வெளிநாட்டுப் பம்பைப் பிரித்துப் பார்த்து அச்சு அசலாகச் செய்துவிடுவார். பெரியநாயக்கன்பாளையத்தில் அவர் பட்டறைக்குப் பெயர் வந்ததே அப்படித்தான்.

லாரி கவிழ்ந்து என் வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு சைக்கிள் இருந்தது. தொடையில் ஈரப் பஞ்சுப் பட்டைகளைக் கட்டிக் கொஞ்சமாகக் கரண்ட் விடுவார்கள். அசையாத கால் தானாக மிதிக்கும்; கூடவே ஒரு சின்ன மோட்டாரும் சுற்றிக் கொடுக்கும். நடக்க வைக்காது, ஆனால் சூம்பிய தசை தேறும் என்று பிசியோதெரபி செய்யும் மெர்சி முதல் நாளே சொல்லிவிட்டார். மழைக்காலம் வருவதற்குள் தொடை தேறியும் விட்டது. எனக்கு அதுவே போதும்.

தனபாலுக்குப் போதவில்லை. "எதுக்குங்க அண்ணி, அண்ணனைத் தூக்கிட்டு அலையோணும்? பட்டறையிலயே செஞ்சுபோடலாமுங்க."

"வேண்டாங்க" என்றார் மெர்சி. "அவருக்குச் சுட்டாத் தெரியாது. அடிக்கடி நிறுத்தித் தோலைப் பாக்கோணும்."

எருமை மேல் மழை பெய்த மாதிரி கேட்டுக்கொண்டார் தனபால்.

ஆயுத பூஜையன்று பட்டறையில் அவர் செய்துமுடித்த சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணி போட்டு, சொந்தக்காரர்களையும் கூட்டிவிட்டார்கள். ஸ்விட்சைப் போட்டதும் கால்கள் சுற்றின. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊரே பார்க்க என் வீட்டுக்காரர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததே இல்லை. "இன்னுங் கொஞ்சம் வெய்டா" என்றார். தனபால் கரண்டைக் கூட்டினார்.

"நிறுத்துங்க, தோலைப் பாக்கோணும்" என்றேன்.

மாமனார் லட்சுமணசாமி கையை உயர்த்தித் தடுத்தார். "பூஜை போட்ட மெஷினை மொத ஓட்டத்துல நிறுத்தக் கூடாது அம்மணி. வருசம் பூராத் தொழில் நின்னுபோயிரும்."

அந்த முதல் ஓட்டம் போகட்டும் என்று அத்தனை பேரும் நின்றார்கள். சாம்பிராணிப் புகையை மீறிக் கருகல் வாடை வந்தது. பட்டறைக்காரர்கள் அல்லவா? எல்லாரும் மோட்டாரைத்தான் பார்த்தார்கள். தனபால் குனிந்து அதைத் தொட்டார்.

"சூடே இல்லீங்களே?"

நான் ஓடிப்போய் பட்டையைப் பிய்த்தேன். பஞ்சு காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது. அதோடு தோலும் வந்தது. அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

வலது தொடையில் வெந்த சதையை வெட்டி எடுத்தார்கள். இனி அதில் பட்டை கட்ட முடியாது, ஆஸ்பத்திரி சைக்கிளும் இல்லை என்று மெர்சி சொல்லிவிட்டார். யாரைத் திட்ட?

மறுநாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார் தனபால். கட்டிலருகே உட்கார்ந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கரண்டைக் கொறைக்கறாப்பல மாத்திப்போட்டேனுங்க அண்ணா. எடது கால் நல்லாத்தானே இருக்குது?"

 என் வீட்டுக்காரராவது வேண்டாம் என்று சொல்வார் என்று பார்த்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "எப்படா?" என்று தம்பியைக் கேட்டார்.