மேசை மேல் ஏழு அட்டை

"உங்க அண்ணன் சுப்ராயன் கப்பலேறி எத்தனை வருஷம் ஆச்சும்மா?" என்று கேட்டார் குமாஸ்தா திருஞானசம்பந்தம்.

அஞ்சுகத்துக்குச் சிரிப்பு வந்தது. நாற்பத்தோரு சிப்பாய் வீட்டுக் காகிதங்களை இந்த மேசைக்குச் சுமந்து வந்தவள் அவள். மனிதருக்குத் தலை சுற்றுவதில் ஆச்சரியமில்லை.

"அண்ணன் இல்லைங்க. அவர் என் வீட்டுக்காரர்."

திருஞானசம்பந்தம் சிரிக்கவில்லை. சைகோனிலிருந்து வந்த புதுப் பட்டியலை அவள் பக்கம் திருப்பி வைத்தார். கன்னியாஸ்திரீகளிடம் ஐந்து வருஷம் பிரெஞ்சு படித்தவள் அஞ்சுகம். விரல் வைத்துப் படித்தாள். கார்ப்பரல் சுப்ராயன். ஊரில் அவரை நம்பி இருப்பவர்: அஞ்சுகம், கோவில்பத்து. உறவு: தங்கை.

யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்றாள். குமாஸ்தா இரண்டாவது காகிதத்தை உருவினார். சைகோன் நகராட்சியின் திருமணப் பதிவு நகல். 1951 மார்ச். மணமகன் சுப்ராயன், இதுவரை மணமாகாதவர். மணமகள் பெயரை அஞ்சுகத்தால் உச்சரிக்க முடியவில்லை.

அடியில் சாட்சிக் கையெழுத்து தமிழில் இருந்தது. அதை மட்டும் அவள் படிக்க வேண்டியதே இல்லை. வலப்பக்கம் சாய்ந்த அந்த எழுத்தை ஐம்பது கடிதங்களில் பார்த்திருக்கிறாள். ஹமீது. அவளுடைய உயிர்த்தோழி கமர் நிஷாவின் புருஷன்.

திருஞானசம்பந்தம் தொண்டையைக் கனைத்தார். புது உத்தரவும் வந்திருந்தது. இந்த மாதம் முதல் அரிசி தாய்க்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் மட்டும்தான். தங்கைக்குக் கிடையாது. சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குப் பட்டியல் மூடப்படும்.

அன்று புதன்.

1953. காரைக்காலைச் சுற்றி நாலு பக்கமும் இந்தியச் சுங்கச் சாவடிகள். வரப்புக்கு அந்தப் பக்கம் விளைந்த நெல் பெர்மிட் இல்லாமல் இந்தப் பக்கம் வராது. கடைத்தெருவில் அரிசி விலை கேட்டவர்கள் வெறும் பையோடு திரும்பினார்கள். இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரனுக்காகச் சண்டை போடும் சொல்தாக்களின் குடும்பங்களுக்கு மாதம் ஒரு முறை அலுவலகத்தில் அரிசி அளந்தார்கள். ஆனால் மனைவிக்கு அரிசி கிடைக்க, 'மேரி' என்று ஊர் சொல்லும் நகராட்சியில் கல்யாணம் பதிந்திருக்க வேண்டும்.

ஊரில் யார் பதிந்தார்கள்? சாமி முன்னால் தாலி ஏறினால் கல்யாணம். ஜமாஅத் முன்னால் நிக்காஹ் ஓதினால் கல்யாணம். வெள்ளைக்காரன் புத்தகத்தில் என்ன வேலை?

அதற்கு அலுவலகமே ஒரு வழி வைத்திருந்தது. கல்யாணத்தை நேரில் பார்த்த ஏழு சிப்பாய் வீட்டுப் பெண்கள் தங்கள் அரிசி அட்டைகளை மேசை மேல் வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் பொய்யென்று தெரிந்தால் ஏழு அட்டையும் போய்விடும். வெளி ஆள் சாட்சி செல்லாது, அவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லையாம்.

ஏழு பேரைச் சேர்க்கத்தான் இரண்டு வருஷமாக அஞ்சுகம் நடந்தாள். கூலி கிடையாது. செருப்பு மட்டும் மூன்று ஜோடி தேய்ந்தது. பட்டினச்சேரிப் பெண்ணுக்குக் காரைக்கால் பெண் சாட்சி, காரைக்காலுக்குக் கோவில்பத்து சாட்சி என்று அட்டைக்கு அட்டை முடிச்சுப் போட்டாள். நாற்பத்தோரு அடுப்பு எரிந்தது.

தன் பக்கத்தை மட்டும் அவள் புரட்டிப் பார்க்கவேயில்லை. மேரியில் பதிந்தாகிவிட்டது என்று கப்பலேறும்போது சுப்ராயன் சொன்னான். அட்டையும் சைகோனிலிருந்து நேராக வந்துவிட்டது. ஊரார் வாய்ச்சொல்லையெல்லாம் காகிதமாக்கியவளுக்குப் புருஷன் வாய்ச்சொல் போதுமாக இருந்தது.

கமர் நிஷா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அஞ்சுகம் உட்காரவில்லை.

"ஹமீது உனக்கு எப்ப எழுதினாரு?"

எதைப் பற்றி என்று கமர் நிஷா கேட்கவில்லை. முறம் நின்றது.

"போன வருஷம் நோம்புக்கு முன்னாடி."

ஒன்றரை வருஷம். கமர் நிஷாவுக்கு எழுத்துத் தெரியாது. அவளுக்கு வரும் கடிதமெல்லாம் அஞ்சுகம்தான் படிப்பாள், பதிலும் எழுதுவாள். அந்த ஒன்று மட்டும் கைக்கு வரவில்லை. யார் படித்தது என்று கேட்டதற்கு அல்லா பிச்சை மாமு என்று பதில் வந்தது.

"சொல்லணும்னு நூறு தடவை வாயைத் தொறந்தேங்க்கா. சொன்னா நீங்க வீட்டோட படுத்துடுவீங்க. அப்பறம் எங்களுக்கு யாரு அலையிறது?"

அஞ்சுகம் அதை அப்படியே விழுங்கினாள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். அவள் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்த்த சிப்பாய் வீட்டுப் பெண்கள் பத்தொன்பது பேர் இருந்தார்கள். கமர் நிஷா மூன்று நாள் கூடவே இருந்து மருதாணி வைத்தவள். சனிக்கிழமை அட்டையோடு வந்தால் போதும்.

கமர் நிஷா தலையை ஆட்டினாள். ஹமீது சுப்ராயனுக்குக் கீழே வேலை பார்க்கிறான். கல்யாணமானவன் என்று தெரிந்தே சாட்சி போட்டான் என்று வெளியே வந்தால் முதல் விலங்கு அவனுக்குத்தான்.

"கமரு, உன் நிக்காஹ்வை நான் பாத்தேனா?"

அந்த நிக்காஹ் நாகூரில் நடந்தது. அஞ்சுகம் போகவில்லை. பார்த்த சிப்பாய் வீட்டுப் பெண்கள் ஆறு பேர்தான். ஏழாவது ஆள் குறைந்தபோது, கமர் நிஷாவின் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து அஞ்சுகம் தன் அட்டையை வைத்தாள். அவள் செய்த ஒரே பொய்ச் சத்தியம் அது.

"அது வேற, இது வேறங்க்கா" என்றாள் கமர் நிஷா. முறம் மறுபடி அசைந்தது.

வியாழக்கிழமை அஞ்சுகம் மீதிப் பதினெட்டு வீட்டுக்கும் போனாள். பதினெட்டு வீட்டிலும் வருகிறோம் என்றார்கள். ஒருத்தி அழுதாள், ஒருத்தி சுப்ராயனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். வெள்ளிக்கிழமை ஞாபகப்படுத்தப் போனால் கதவுகள் பாதிதான் திறந்தன. ஒரு வீட்டில் காய்ச்சல், ஒரு வீட்டில் விருந்தாளி. திட்டியவள் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

காரணத்தைப் பட்டினச்சேரிக் குஞ்சம்மாள் சொன்னாள். மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டுத்தான் சொன்னாள்.

"கமரு உன் பின்னாடியே வர்றா புள்ள. எங்க தெருவுக்கு விடியக்காலையில, பள்ளிவாசல் தெருவுக்கு அசர் தொழுகைக்கு அப்பறம். எந்த நேரத்துல எவ வீட்டுல இருப்பான்னு நீதானே அவளுக்குச் சொல்லிக்குடுத்தே?"

கமர் நிஷா வீடு வீடாகச் சொன்ன சேதி சுருக்கமானது. சைகோன் காகிதம் ஒன்று சொல்கிறது, நாம் வேறு சத்தியம் செய்தால் யாரை நம்புவான் வெள்ளைக்காரன்? அஞ்சுகத்தோடு சேர்ந்து நம் அட்டையும் போகும்.

"நீ வருவியா?" என்று அஞ்சுகம் கேட்டாள்.

"எனக்கென்ன, கடல்ல மீன் இருக்கு. பக்கத்து வீட்டு அல்லியையும் இழுத்துக்கிட்டு வர்றேன்."

சனிக்கிழமை அரிசி அளக்கும் நாள். அலுவலக முற்றத்தில் வரிசை வளைந்து நின்றது. உள்ளே மேசை மேல் இரண்டு அட்டைகள் கிடந்தன. குஞ்சம்மாளுடையது ஒன்று, அல்லியுடையது ஒன்று. கடிகாரத்தில் பதினொன்றே முக்கால்.

"இன்னும் அஞ்சு வேணுமேம்மா" என்றார் திருஞானசம்பந்தம்.

அஞ்சுகம் ஜன்னலுக்குப் போனாள். ஐந்து என்ன, பதினேழும் அங்கேதான் இருந்தன. அவளுடைய கல்யாணப் பந்தலில் சாப்பிட்ட பதினேழு பேரும் இருபது அடி தூரத்தில் அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். அவள் ஜன்னலில் நிற்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஒருத்தி பையை உதறி மடித்தாள். ஒருத்தி குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். யாரும் நிமிரவில்லை.

பன்னிரண்டு அடித்தது. குமாஸ்தா இரண்டு அட்டையையும் திருப்பிக் கொடுத்தார். அஞ்சுகத்தின் அட்டை மேல் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பேனாவை மூடாமலே யோசித்தார்.

"நாப்பத்தோரு பேருக்குச் சத்தியம் பண்ண ஆள் கெடைச்சுது. உங்களுக்கு இல்லை. அப்ப அந்தச் சத்தியமெல்லாம் எப்படி நடந்துது?"

கேள்வியோடு நிற்கவில்லை. கோப்புக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். கமர் நிஷா. முற்றத்திலிருந்து அவளை அழைத்து வரச் சொன்னார். முக்காட்டை இழுத்துவிட்டபடி அவள் வந்து சுவரோரமாக நின்றாள். கையில் அரிசிப் பை.

"நாகூர் நிக்காஹ். ஏழாவது சாட்சி நீங்க. நேர்ல பாத்தீங்களா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். அஞ்சுகத்துக்கு இனிமேல் போவதற்கு அட்டையுமில்லை. கமர் நிஷாவின் முகம் வெளுத்தது. அதைப் பார்க்க அஞ்சுகத்துக்கு நன்றாகவே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் போலிருந்தது.

ஆனால் முடிச்சுகளைப் போட்டவள் அவள். கமர் நிஷாவுக்குச் சத்தியம் செய்த மற்ற ஆறு பேர் யார் யாருக்குச் செய்தார்கள், அவர்களுக்கு யார் செய்தார்கள் என்று அவளுக்கு மனப்பாடம். ஒன்றை உருவினால் மாலைக்குள் நாற்பத்தொன்றும் உதிரும்.

"பாத்தேன்" என்றாள்.

"எப்ப?"

"ஐப்பசி மழை. பந்தல் ஒழுகுச்சு. ஒரு சகன் தட்டுச் சோத்தைச் சுத்தி நாலு பேர் உக்காந்தோம். கறியில காரம் தூக்கல், பொண்ணோட மாமி சமையக்காரரைப் பிடிச்சு ஏசுனாங்க."

எல்லாம் கமர் நிஷா சொல்லிச் சிரித்த கதைதான். குமாஸ்தா கமர் நிஷாவைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். கோப்பு மூடியது.

படிக்கட்டில் பின்னாலேயே ஓடிவந்து "அக்கா" என்று கையைப் பிடித்தாள் கமர் நிஷா. அஞ்சுகம் கையை உருவிக்கொண்டாள்.

"உனக்காகச் சொல்லலை. நாப்பத்தோரு வீட்டுக்குச் சொன்னேன். அதுல உன் வீடும் இருந்து தொலைஞ்சுது." இரண்டு படி இறங்கித் திரும்பினாள். "இனிமே கடிதம் வந்தா அல்லா பிச்சைகிட்டயே குடு."

முற்றத்தில் வரிசை அவளுக்கு வழிவிட்டது. அளக்கிறவன் உள்ளேயிருந்து வந்த திருத்திய பட்டியலிலிருந்து நிமிராமல் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பதினாறாம் எண்ணுக்காரி பையை விரித்து வாங்கிப் போனாள். பதினேழு அஞ்சுகத்துடையது.

"பதினெட்டு" என்றான் அவன். வரிசை ஓர் அடி முன்னே நகர்ந்தது.