திராட்சைக்குக் கட்டிய ஆடை

ஓய்வு பெற்ற மறுநாளே எங்கள் சமையலறையைக் கைப்பற்றினேன். முப்பத்தாறு வருடம் லிஃப்ட் சோதித்தவனுக்கு மேலேயும் கீழேயும் போகிற ஏதாவது ஒன்று கண்ணெதிரே இருந்தாக வேண்டும். ஜாடிக்குள் குமிழிகள் போய்வந்தன. திராட்சை வைனில் ஆரம்பித்தேன். அது கைக்குப் பழகியதும் ஆப்பிள், தேன், இஞ்சி, தேநீர், முட்டைக்கோஸ் என்று அகப்பட்டதையெல்லாம் புளிக்கவைத்தேன். அசையாமல் உட்கார்ந்திருந்தால் தன்னையும் ஊறப்போட்டுவிடுவேன் என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். இஞ்சி பானம் ஒரு தடவை வெடித்ததில் மூடி பறந்துபோய்க் கூரையில் பதிந்தது. போர் மூண்டுவிட்டதென்று கீழ்வீட்டுக்காரர் குடும்பத்தோடு மூன்று நாள் கட்டிலுக்கடியில் கிடந்தார் என்பேன். உண்மையில் அவர் வந்து, ஏதாவது உடைந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அப்படிச் சொன்னால் யார் கேட்பார்கள்?

என்னிடம் இரண்டு சிறிய ஜாடிகள் இருந்தன. ஒன்றில் வைனைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட் கரைசல். இன்னொன்றில், வைனை வினிகராக்குகிற வழவழப்பான சவ்வு. இந்தச் சவ்வைத்தான் தாய் என்பார்கள். ஈஸ்ட் மட்டும் என்ன, பிள்ளை பெறாததா? அதற்கும் தாய் என்றே எழுதி ஒட்டினேன். சிவப்பு மூடி வைன், நீல மூடி வினிகர். எனக்குத் தெரிந்தால் போதாதா? இந்த வீட்டில் இரண்டு தாய், ஒரே அப்பன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். பெயரை ஒழுங்காக எழுதச் சொல்லிச் சொல்லியே என் மனைவிக்கு வாய் வலித்துப்போனது.

அவள் தம்பி தையல்காரன். சலவைக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஊரார் கால்சட்டைகளைக் குட்டையாக்குகிற வேலை. தேநீருக்குச் சர்க்கரை போடக்கூடக் கழுத்து டேப்பை எடுத்து அளப்பான் என்று அவனைக் கிண்டல் செய்வேன். அவனுடைய மனைவி பிரிந்துபோனபோது மகளுக்கு ஏழு வயது. அம்மாவிடம் வளர்ந்த அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எல்லாவற்றையும் மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. கல்யாண உடுப்பைக்கூடக் கடையில் வாங்கிவிட்டார்கள். பெண்ணின் அப்பா தையல்காரர் என்பது ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. அவனும் வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான்: விருந்தில் எல்லோரும் தூக்குகிற முதல் கிளாஸ் தன் கையால் செய்த வைனாக இருக்க வேண்டும். மகள் சரி என்றாள்.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கையில் வீட்டுக்கு வந்தான். நான் பால்கனியில் நின்று எதிர்வீட்டுக்காரருக்கு இஞ்சி யுத்தத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூடி பறக்கிற கட்டம்.

"மாமா, கொஞ்சம் தாய் வேணும்."

"மேல்தட்டுல இருக்கும் மச்சான். தாய்னு எழுதியிருக்கேன் பாரு, எடுத்துக்கோ."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்பு மூடியை முந்தின நாள்தான் ஃபிரிட்ஜுக்கு மாற்றியிருந்தேன். மேல்தட்டில் இருந்தது ஒரு தாய்தான். அவன் மூன்று கரண்டி அளந்து எடுத்துக்கொண்டு போனான்.

ஐந்தாவது வாரம் போன் செய்தான். குரலில் அப்படி ஒரு பூரிப்பு. "மாமா, மேல அழகா ஆடை கட்டியிருக்கு. வழவழன்னு, ஒரு சுருக்கம் இல்ல. நல்லதுதானே?"

நல்ல வைனில் அப்படி ஆடை கட்டாது. வினிகரில்தான் கட்டும். அடுப்படியில் நின்ற என் மனைவி பார்த்திருக்க, போனைக் காதில் வைத்தபடியே அலமாரியைத் திறந்தேன். நீல மூடி, நான் ஒருநாளும் மூடாத அளவுக்கு இறுக்கி, ஒழுங்காக மூடியிருந்தது. உள்ளே அளவு குறைந்திருந்தது.

இன்னும் ஏழு வாரம் இருந்தது. அன்றைக்கே புதுத் திராட்சை வாங்கிப் பிழிந்திருந்தால் இளம் வைனாகவாவது தேறியிருக்கும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக என் வாயில் வேறொன்று வந்து நின்றது.

"தையல்காரன் கை பட்டா திராட்சைகூட ஆடை கட்டிக்கும் மச்சான். பொண்ணுக்குத் தைக்காததை இதுக்காவது தைச்சிட்டே."

அவன் கொஞ்சம் தாமதித்துச் சிரித்தான். இத்தனை வருடத்தில் இவ்வளவு கச்சிதமாக ஒரு சிரிப்பு எனக்கு வாய்த்ததில்லை. அன்று மாலைக்குள் நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன். பாட்டிலில் ஊற்றுகிற நாளில், புளிப்பு வாசனை மூக்கில் ஏறுகிறதே என்று மறுபடி கேட்டான். பாட்டிலுக்குள் அடங்கிவிடும் என்றேன்.

விருந்தன்று அவனே ஒவ்வொரு கிளாஸாக, எல்லாவற்றிலும் ஒரே மட்டமாக ஊற்றினான். மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, கைக்குட்டையைத் தேடினார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். மேசை மேசையாகக் கிளாஸ்கள் சத்தமில்லாமல் கீழே இறங்கின. மணப்பெண் மட்டும் கடைசிச் சொட்டுவரை குடித்து, கண்ணில் தண்ணீரோடு, "நல்லா இருக்குப்பா" என்றாள். தையல்காரன் தன் கிளாஸை வாயில் வைத்துப் பார்த்தான். அவன் கை கழுத்துக்குப் போய், அங்கே இல்லாத டேப்பைத் தேடியது.

"ஜாடியைச் சரியா கழுவல போலிருக்கு மாமா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னான். "என் தப்புதான்."

என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"டிரெஸ்ஸிங் வந்தாச்சு, சாலட் எங்கப்பா?" என்றேன். மண்டபமே சிரித்தது. கூரை பெயர்ந்து விழுகிற மாதிரி சிரித்தது என்று வழக்கம்போலச் சொல்லியிருப்பேன். அவ்வளவெல்லாம் இல்லை. ஆனால் அவன் காதில் விழுகிற அளவுக்கு.

மூன்று வாரம் கழித்து ஒரு சிறு பொட்டலத்தோடு வந்தான். உள்ளே ஜாடிகளின் மூடிக்கு மாட்டுகிற இரண்டு துணி உறைகள். சிவப்பில் 'வைன்' என்றும் நீலத்தில் 'வினிகர்' என்றும் நூலால் எழுத்துப் பின்னியிருந்தான். ஒரு தையல்கூடக் கோணவில்லை.

"இனிமே யாரும் மாத்தி எடுக்க மாட்டாங்க மாமா."

அவன் உட்காரவில்லை. அக்கா வைத்த தேநீரையும் தொடவில்லை. படியிறங்கிப் போய்விட்டான்.

உறைகளை மாட்டிப் பார்த்தேன். பிசிறில்லாமல் பொருந்தின. ஜாடிகளை அவன் அளந்ததே இல்லையே என்று வாய்விட்டே கேட்டேன்.

"அளவை நான்தான் குடுத்தேன்." என் மனைவி ஆறிப்போன தேநீரைத் தொட்டியில் கொட்டினாள். "மத்ததையும் நான்தான் சொன்னேன். நீங்க சொல்லுவீங்கன்னு ஏழு வாரம் பாத்தேன்."