லஸ்ஹர் திக்கிய பதினொரு நிமிடம்

தாலா ஊர் பளிங்குப் பட்டறையில் வேலை செய்த லஸ்ஹருக்கு வார்த்தை திக்கினால், அவன் பார்த்துக்கொண்டிருக்கும் பொருளும் அந்த வார்த்தை முடியும்வரை அசையாமல் நிற்கும். ஊற்றும் தேநீர் பாதி வழியில் கயிறுபோலத் தொங்கும். அறுப்பு வாள் கல்லுக்குள் உறைந்துபோகும். மனிதர்களை அது ஒன்றும் செய்யாது. ஊரில் யாரும் இதை அதிசயமாக நினைக்கவில்லை, தொல்லையாகத்தான் நினைத்தார்கள். "சீக்கிரம் சொல்லித் தொலைடா, வாள் நிக்குது!" என்று மேஸ்திரி ஹம்மாதி கத்துவார். கத்தக் கத்த வார்த்தை இன்னும் இறுகும். ஆறு வருடம் பார்த்துவிட்டு, பேச்சே தேவைப்படாத முற்றத்தில் கல்தூள் அள்ளும் வேலைக்கு அவனை அனுப்பினார். லஸ்ஹர் வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பனி விழுந்துகொண்டிருந்த காலையில், முற்றத்துக் கிரேனின் இரும்புக் கயிறு அறுந்தது. தொங்கியது பன்னிரண்டு டன் கல். கீழே கட்டை அடுக்கிக்கொண்டிருந்தவன் கூட வேலை செய்யும் முன்ஜி. லஸ்ஹர் நிமிர்ந்து, கல்லைப் பார்த்தபடியே அவன் பெயரைக் கூப்பிட்டான். "மு... மு..." கல் முன்ஜியின் தலைக்கு ஒரு சாண் மேலே நின்றது. சரிந்த கட்டைகளுக்குள் அவன் கால் மாட்டியிருந்தது.

"முடிச்சிராதே, லஸ்ஹர்!" கடப்பாரைகளோடு எட்டுப் பேர் ஓடினார்கள். மற்றவர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, "அவசரமே இல்ல தம்பி, மெதுவா, மெதுவா" என்றார்கள். யாரும் அவனிடம் அப்படிப் பேசியதே இல்லை. அந்த இதத்தில் நாக்கு இளகியது. "முன்..." கல் நாலு விரல் இறங்கியது. முன்ஜி கழுத்தைச் சுருக்கிக்கொண்டு அழுதான். லஸ்ஹர் கண்ணுக்குள் பனி விழுந்தது. கல்லிலிருந்து பார்வையை எடுக்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஹம்மாதிக்குத்தான் முதலில் புரிந்தது. லஸ்ஹரின் காதருகே போய்க் கத்தினார். "ஒரு பேரச் சொல்ல ஒரு நாளாடா? சொல்லுடா கழுத, வேலை கெடுது!" வார்த்தை மறுபடி இறுகியது. "மு... மு... மு..." மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். "அதுக்குள்ள என் பொண்டாட்டி புள்ளையே பெத்துருவா!" அவர்கள் திட்டிக்கொண்டே இருந்தார்கள். ஹம்மாதி அழுதுகொண்டே திட்டினார்.

பதினொரு நிமிடம் கழித்து, ஒரு காலில் செருப்பில்லாமல் முன்ஜியை இழுத்தெடுத்தார்கள்.

"வந்துட்டாம்ப்பா. இப்பச் சொல்லு" என்றார் ஹம்மாதி, தொண்டை கட்டிப்போய்.

"முன்ஜி" என்றான் லஸ்ஹர். கல் விழுந்ததில் மூன்று தெரு அதிர்ந்தது.

மறுநாளிலிருந்து அவனுக்குக் கிரேனடியில் நிற்கும் வேலை. வசந்தத்தில் தலைநகரிலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டுப் படிவத்தில் எழுதினார்: தீயணைப்புக் கருவி இரண்டு, அபாயச் சங்கு ஒன்று, லஸ்ஹர். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இவர் லீவுல போனா என்ன பண்ணுவீங்க?"

"கிரேன ஓட்ட மாட்டோம்" என்றார் ஹம்மாதி. அதிகாரி அதையும் எழுதிக்கொண்டு, முத்திரை குத்தினார்.