சுவரோடு சுவராய் ஒரு கதவு

"ஜிப் டோர்னா என்னக்கா?" என்று தம்பி பெண்டாட்டி கேட்டபோது ஸ்கேலுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கட்டடங்களுக்குப் படம் வரைகிறவள் அவள். அந்த வேலையைப் பற்றி வீட்டில் ஒருவர் வாய்திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. ஸ்கேல் என்பது தம்பி சின்ன வயதில் வைத்த பட்டப்பெயர். அம்மா போனபிறகு அவனைக் குளிப்பாட்டி, சட்டை தோய்த்துப்போட்டு, தன் கல்யாணம் காட்சி எல்லாம் தள்ளிப்போட்டு ஆளாக்கியதற்கு அவளுக்குக் கிடைத்தது அந்தப் பெயர்தான். போன வருஷம் முகவாதம் வந்து வாய் இடப்பக்கம் கோணிக்கொண்டது. பேசினால் எச்சில் ஒழுகும். இருந்தாலும் கேட்டதுதான் தாமதம், புறங்கையால் துடைத்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டாள்.

"கதவுதான், ஆனா கதவுன்னு தெரியாது. நிலை கிடையாது, கைப்பிடி கிடையாது. சுவத்துல என்ன பெயிண்டோ அதுவே கதவு மேலயும். மூடிட்டா வெறும் சுவரு. லேசா அமுக்கினா டிக்குன்னு திறந்துக்கும்."

"எதுக்கு அப்படி ஒளிச்சு வைக்கணும்?"

"அந்தக் காலத்து மாளிகைங்கள்ல வேலைக்காரங்க போக வர வைப்பாங்க. அவங்க விருந்தாளி கண்ணுல படக் கூடாதாம். கூடத்தோட அழகு கெட்டுருமாம்!"

சொல்லிவிட்டுக் கோணல் வாயால் சிரித்தாள். தம்பி பெண்டாட்டி சிரிக்கவில்லை. "நம்ம புது வீட்டுக்கும் ஒண்ணு வரைங்கக்கா," என்றாள்.

வரைந்தாள். எப்படி வரைந்தாள் என்கிறீர்கள்! கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. சாமான் போட்டுவைக்க என்றுதான் நினைத்தாள். கூடத்திலிருந்து பார்த்தால் எங்கே சுவர் முடிகிறது, எங்கே கதவு தொடங்குகிறது என்று தெரியாதபடி இழைத்து இழைத்துப் படம் போட்டாள். விருந்தாளி பார்க்கிற பக்கத்தை மட்டும். உள்பக்கத்துக்கு ஒரு கோடுகூடப் போடவில்லை. அரிசி மூட்டையா எழுந்து வந்து கதவைத் திறக்கப்போகிறது? தச்சர் படத்தில் இல்லாததைச் செய்வாரா என்ன. உள்ளேயும் மழமழவென்று பலகையை ஒட்டிவிட்டுப் போனார்; உள்ளிருந்து திறக்க ஒரு பிடிகூட இல்லை.

குடிபோன அன்றைக்கு அந்த அறைக்குள் அவளுடைய கட்டில் கிடந்தது. "சத்தமில்லாம வேலை பாக்கலாம்ல, அதான்க்கா," என்றான் தம்பி, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு. அவள் ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் வாய் குழறும், எச்சில் வடியும், அதையும் அவன் பார்ப்பான். துணிகளை மடித்து வைத்தாள். அந்த அறைக்குத் துணி துவைக்கிற பக்கம் ஒரு பின்கதவு இருந்தது. அன்றிலிருந்து அதுவே அவளுக்கு வழியாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியின் மேலதிகாரி மனைவியோடு மதிய விருந்துக்கு வந்தார். ஸ்கேல் கட்டிலில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுவர் என்ன பெரிய சுவர், பலகைதானே, எல்லாம் கேட்டது.

"உங்க அக்கா உங்களோடதான இருக்காங்க?" என்றார் அதிகாரி.

"ஊருக்குப் போயிருக்கா சார்." கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை பாவி.

அந்நேரம் பார்த்து அதிகாரியின் மனைவி பேச்சுவாக்கில் சுவரில் சாய்ந்தாள். டிக்கென்று சுவரின் ஓரம் விரலளவு வெளியே வந்தது. "ஐயையோ, என்னது இது?" என்று அவள் இழுக்க, கூடம் முழுவதும் உள்ளே பார்த்தது.

"ஜிப் டோர் மேடம்!" தம்பி பெண்டாட்டி முந்திக்கொண்டாள். "கதவுதான், ஆனா கதவுன்னு தெரியாது. நிலை கிடையாது, கைப்பிடி கிடையாது..." சொல்லுக்குச் சொல் ஒப்பித்தாள். வேலைக்காரர்கள் கதையை மட்டும் விட்டுவிட்டாள்.

"அருமையா இருக்கே. இவங்க யாரு?"

"சமையலுக்கு ஒத்தாசைக்கு வந்தவங்க," என்றாள் தம்பி பெண்டாட்டி.

ஸ்கேல் தம்பியைப் பார்த்தாள். இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதையெல்லாம் அந்த நொடியே மன்னித்திருப்பாள். அவன் தொண்டையைச் செருமினான், அவ்வளவுதான்.

"மூடிக் காட்டுங்களேன், பாக்கலாம்," என்றாள் அதிகாரியின் மனைவி. அவனே வந்து மூடினான். "அடேயப்பா, தெரியவே இல்ல! இன்னொரு தடவ திறங்க!" வெளியே கைதட்டல் கேட்டது.

ஸ்கேல் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

சுவர் இரண்டாம் தடவை திறந்தபோது அவள் கதவருகில் நின்றிருந்தாள். மூடுவதற்குத் தள்ளினான் தம்பி. கதவு போகவில்லை. குனிந்து பார்த்தான்.

"அக்கா," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு, "காலை எடுக்கா."

மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. பளபளத்த வெள்ளைத் தரையில், வெடித்த குதிகாலோடு ஒரு பாதம் அழுந்த ஊன்றியிருந்தது.